கிளவுடில் டிஸ்பேஸ் கிளஸ்டரைச் சோதிக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

ஆய்வேடுகள், பழைய இதழ்கள், வினாத்தாள்கள் எல்லாவற்றையும் டிஸ்பேஸில் (நூலகங்களுக்கான டிஜிட்டல் ஆவணக் களஞ்சிய மென்பொருள்) ஏற்றியாயிற்று. ஒற்றை சர்வர் திணறியதால் கிளவுடில் இரண்டு மூன்று சர்வர்களாக, அதாவது கிளஸ்டராக, பிரித்தும் வைத்தாயிற்று. இப்போது மேலிடத்திலிருந்து கேள்வி வரும்: "ஒரே நேரத்தில் எத்தனை பேர் வந்தால் தாங்கும்?" பதில் சொல்ல ஒரு எண் வேண்டும்.

எண் கிடைப்பது சுலபம். அந்த எண் எதைப் பற்றியது என்பதில்தான் சிக்கல். புதிதாக இதில் இறங்குபவர்களுக்கு முதலில் கிடைக்கும் முடிவு பெரும்பாலும் கிளஸ்டரைப் பற்றியதாக இருக்காது. கல்லூரியின் இணைய இணைப்பு, ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) முதல் சில மணி நேரத்துக்குக் கொடுக்கும் சலுகை வேகம், சோதனைக் கருவியின் மெமரி, கான்ஃபிக் கோப்பில் யாரும் தொடாமல் கிடக்கும் ஒரு வரம்பு, இவற்றில் ஏதோ ஒன்றை அளந்துவிட்டு டிஸ்பேஸ் மெதுவாக இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடுவோம். கீழே வரும் பொறிகள் எல்லாமே எங்கள் குழுவின் நேரத்தைத் தின்றவை. உங்கள் நேரமாவது மிச்சமாகட்டும்.

டிஸ்பேஸ் 7-ம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும், ஏடபிள்யூஎஸ் மும்பை, சோதனைக்கு ஜேமீட்டர் (பல பயனர்களைப் போலக் கோரிக்கை அனுப்பிப் பதில் நேரத்தை அளக்கும் கருவி) என்ற கூட்டணியை வைத்து எழுதுகிறேன். பதிப்பு 6-ம் அதற்கு முந்தையவையும் கட்டமைப்பிலேயே வேறு. இது அவற்றுக்குப் பொருந்தாது.

1. கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

"எத்தனை பேர் தாங்கும்" என்பதை வைத்துக்கொண்டு சோதனை செய்ய முடியாது. "நொடிக்கு 10 கோரிக்கை வரும்போது 95 சதவீதப் பதில்கள் 2 நொடிக்குள் வர வேண்டும்" என்றால் செய்யலாம்.

பயனர் எண்ணிக்கையைக் கோரிக்கையாக மாற்றத் தோராயமாக ஒரு கணக்கு போதும். 200 பேர் உள்ளே இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக 20 நொடிக்கு ஒரு முறை எதையாவது சொடுக்குகிறார்கள் என்றால் நொடிக்கு 10 சொடுக்குகள். ஒரு சொடுக்குக்குப் பின்னால் பல ரெஸ்ட் அழைப்புகள் (உலாவி சர்வரிடம் தகவல் கேட்கும் கோரிக்கைகள்) போகும் என்பது வேறு கதை. அதற்கு 6-வது படியில் வருகிறேன். தேடல் எவ்வளவு, பதிவுப் பக்கம் (ஒரு ஆவணத்தின் விவரப் பக்கம்) எவ்வளவு, பிடிஎஃப் பதிவிறக்கம் எவ்வளவு என்ற விகிதத்தை இப்போதைய சர்வரின் அக்சஸ் லாகிலிருந்து எடுங்கள். ஊகித்து எழுதாதீர்கள். லாகைப் பார்த்தால் பாதிக்கு மேல் தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களாக (பாட்) இருக்கவும் கூடும். அவையும் சுமைதான், விகிதத்தில் சேருங்கள்.

2. கணக்கு, ஆவணங்கள், அனுமதிகள்

தொழில்நுட்ப வேலையைவிட இதற்குத்தான் நாள் பிடிக்கும். சோதனைத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

இந்திய முகவரியில் தொடங்கும் கணக்குக்கு ஏடபிள்யூஎஸ்ஸின் இந்திய நிறுவனமே பில் போடும். விலைப்பட்டியல் டாலரில் இருக்கும், பில் ரூபாயில் வரும், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. நிறுவனத்தின் பான், ஜிஎஸ்டி எண், முகவரிச் சான்று மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கு தொடங்கிய அன்றே வரி அமைப்புப் பக்கத்தில் பதிந்துவிடுங்கள். பில் வந்த பிறகு கணக்குப் பிரிவிடம் போய் நிற்பது வேண்டாத வேலை.

கார்டு வழியே கட்டுவதாக இருந்தால், தானாகக் கழியும் தொகைக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் ஓடிபி கொடுத்துத்தான் கட்ட வேண்டும். கார்டு முதல்வர் பெயரில், ஓடிபி அவர் கைபேசிக்கு, அவரோ வெளியூரில் என்ற நிலைமையை முன்கூட்டியே யோசித்துவைப்பது நல்லது. அரசு நிறுவனம் என்றால் ஜெம் (அரசின் இணையக் கொள்முதல் தளம்) வழியாகத்தான் வாங்க வேண்டியிருக்குமா என்று கொள்முதல் பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கோட்டா. சாதாரண வகை ஆன்-டிமாண்ட் (மணிக்கணக்கு வாடகை) மெஷின்களுக்கு இயல்பாக இருக்கும் வரம்பு 5 விசிபியு (மெய்நிகர் சிபியு). நாம் கட்டப்போகும் அமைப்புக்கு 24 வேண்டும். சர்வீஸ் கோட்டாஸ் பக்கத்தில் விண்ணப்பித்து, எதற்காக, எத்தனை நாளுக்கு என்று இரண்டு வரி எழுதுங்கள். சில நேரம் சில மணியில் கிடைத்துவிடும், சில நேரம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

சுமைச் சோதனைக்கே ஏடபிள்யூஎஸ்ஸிடம் அனுமதி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இசி2 (ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகை மெஷின் சேவை) சோதனைக் கொள்கைப்படி, மொத்தப் போக்குவரத்து ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நொடிக்கு 1 கிகாபிட்டைத் தாண்டினால்தான் படிவம் நிரப்ப வேண்டும். நூலக அளவுச் சோதனை பெரும்பாலும் அதை எட்டாது. ஆனால் பெரிய பிடிஎஃப்களை நூறு பேர் சேர்ந்து இறக்குவது போலச் சோதித்தால் எட்டிவிடும். 5 எம்பி கோப்பு நொடிக்கு 25 என்றாலே 1 கிகாபிட் ஆகிவிடுகிறது. அப்படிச் சோதிக்கப்போகிறீர்கள் என்றால் தேதி, நேரம், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, உச்ச அளவு ஆகியவற்றோடு முன்னதாகவே படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

3. செலவு

நான் பரிந்துரைக்கும் தொடக்க அமைப்பு இது: டிஸ்பேஸ் பேக்எண்ட் (ரெஸ்ட் அழைப்புகளுக்குப் பதில் தரும் பகுதி) இரண்டு, ஆங்குலர் முகப்பு (பயனர் பார்க்கும் பக்கங்களைத் தருவது) ஒன்று, போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) ஒன்று, சோலர் (தேடல் இன்டெக்ஸ்) ஒன்று, ஜேமீட்டருக்கு ஒன்று. ஆக ஆறு மெஷின். எல்லாமே எம்5 எக்ஸ்லார்ஜ், அதாவது 4 விசிபியு, 16 ஜிபி மெமரி. மும்பையில் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 0.20 டாலர். ஆறுக்கும் சேர்த்து மணிக்கு 1.20, எட்டு மணி நேர வேலை நாளுக்கு 9.60, ஜிஎஸ்டியோடு 11 டாலர் சொச்சம். டிஸ்க், லோட் பேலன்சர் (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) தனி. விலை மாறக்கூடியது, கட்டுவதற்கு முன் ஏடபிள்யூஎஸ் கால்குலேட்டரில் ஒரு முறை போட்டுப்பாருங்கள்.

பணம் சோதனையில் போவதைவிட மறதியில்தான் அதிகம் போகிறது. வெள்ளி மாலை 6 மணிக்கு அணைக்காமல் கிளம்பி திங்கள் காலை 9 மணிக்கு வந்தால் 63 மணி நேரம், 75 டாலர். பட்ஜெட் எச்சரிக்கையை முதல் மெஷின் ஏறுவதற்கு முன்பே வையுங்கள். ஆனால் அந்த எச்சரிக்கை உடனடியாக வராது, செலவு விவரம் பல மணி நேரம் பின்தங்கித்தான் புதுப்பிக்கப்படும். அதனால் இரவு 8 மணிக்கு மெஷின்களை நிறுத்தும் ஒரு தானியங்கி ஏற்பாடும் அவசியம்.

வெளியே போகும் டேட்டா இன்னொரு ஓட்டை. மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதன்பின் மும்பையிலிருந்து ஜிபிக்கு 0.1093 டாலர். 5 எம்பி பிடிஎஃபை 20,000 முறை இறக்கினால் அந்த 100 ஜிபி காலி. மெஷின்களை இரண்டு அவெய்லபிலிட்டி ஜோனில் (ஒரே வட்டாரத்தில் தனித்தனியாக இருக்கும் டேட்டா சென்டர் தொகுதி) பிரித்து வைத்தால் அவற்றுக்கு இடையே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் இரு பக்கமும் ஒரு சென்ட் வீதம் விழும். முதல் சுற்றை ஒரே ஜோனில் முடித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் வகையில் ஒரு எச்சரிக்கை. மலிவாக இருக்கிறதே என்று டி3 வகையை எடுக்காதீர்கள். அது கிரெடிட்டில் ஓடுவது. டி3 லார்ஜின் நிரந்தர வேகம் விசிபியுவுக்கு 30 சதவீதம்தான். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் சேமித்த கிரெடிட், அது தீர்ந்தால் கூடுதல் கட்டணம் அல்லது வேகக்குறைவு. காலையில் ஓட்டிய சோதனைக்கும் மாலையில் ஓட்டியதற்கும் முடிவு மாறும், காரணம் தேடித் தலை காய்ந்துவிடும்.

4. கிளஸ்டரைக் கட்டும்போது

டிஸ்பேஸ் ஒற்றை சர்வரில் ஓடுவதையே மனத்தில் வைத்துப் பல இயல்பு அமைப்புகளைத் தருகிறது. கிளஸ்டராக்கும்போது இவற்றைக் கட்டாயம் மாற்றுங்கள்.

லாகின் டோக்கனுக்கான ரகசியச் சாவி. கான்ஃபிக்கில் இதைக் காலியாக விட்டால் ஒவ்வொரு பேக்எண்டும் தொடங்கும்போது தனக்கென ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ளும். முதல் சர்வரில் லாகின் செய்தவர் அடுத்த சொடுக்கில் இரண்டாவது சர்வருக்குப் போனால் அது அவரை அடையாளம் தெரியாதவர் என்று 401 அனுப்பும். இரண்டு பேக்எண்ட் இருந்தால் ஏறக்குறைய பாதிக் கோரிக்கைகள் தோற்கும். அந்தப் பாதிக் கணக்கைப் பார்த்தவுடனே சாவியைச் சந்தேகியுங்கள். எல்லாப் பேக்எண்டுக்கும் ஒரே சாவியை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

டேட்டாபேஸ் இணைப்புகள். ஒரு பேக்எண்ட் அதிகபட்சம் 30 இணைப்பு வரை பிடிக்கும், இது டிஸ்பேஸின் இயல்பு. போஸ்ட்கிரெஸ் மொத்தம் 100 தரும், இது அதன் இயல்பு. இரண்டு பேக்எண்ட் வரை பிரச்சினை இல்லை. நான்காக்கினால் 120. சுமை குறைவாக இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடி, உச்சத்தில் மட்டும் சரியும். கமாண்ட் வரியில் ஓட்டும் இன்டெக்ஸ் வேலையும் தன் பங்குக்கு இணைப்பு எடுத்துக்கொள்ளும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆர்டிஎஸ் (ஏடபிள்யூஎஸ்ஸே பராமரிக்கும் டேட்டாபேஸ்) பயன்படுத்தினால் அங்கே உச்ச வரம்பு மெஷினின் மெமரியைப் பொறுத்து அமையும், 100 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோப்புக் கிடங்கு எல்லா பேக்எண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். எஸ்3 அல்லது இஎஃப்எஸ், இரண்டும் ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்புச் சேவைகள். இஎஃப்எஸ்ஸை பர்ஸ்டிங் முறையில் வைத்தால் புதிய கோப்பமைப்புக்கு 2.1 டெராபைட் கிரெடிட் சும்மா கிடைக்கும். அதனால் சோதனை வாரம் முழுக்கப் பறக்கும். கிரெடிட் தீர்ந்த பிறகு ஜிபிக்கு நொடிக்கு எழுத 50 கேபி, படிக்க 150 கேபி வரை என்ற அடிப்படை வேகத்துக்கு இறங்கும். 200 ஜிபி கிடங்குக்குப் படிக்கும் வேகம் நொடிக்கு 30 எம்பி, அதாவது 5 எம்பி கோப்பு ஆறு. எலாஸ்டிக் முறையை எடுங்கள், அல்லது எஸ்3 போய்விடுங்கள். நான் எஸ்3 பக்கம்தான்.

லோட் பேலன்சரின் ஹெல்த் செக் இயல்பாக வேர் முகவரியைத் தட்டும். பேக்எண்டில் அங்கே ஒன்றும் இல்லை, 404 வரும், நல்ல சர்வரை நோயாளி என்று குறித்துவிடும். ரெஸ்ட் ஏபிஐயின் வேர் முகவரிக்கு மாற்றுங்கள். ஐடில் டைம்அவுட் (தகவல் எதுவும் போகாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும் நேரம்) 60 நொடி, பெரிய கோப்பு ஏற்றும் சோதனை இருந்தால் கூட்டுங்கள்.

இரவு வேலைகளான இன்டெக்ஸ், முழுவுரை பிரித்தெடுப்பு, சந்தா மடல் எல்லாம் ஒரே பேக்எண்டில் மட்டும். மெயில் அனுப்பும் வசதியைக் கான்ஃபிக்கில் முடக்கியே தீர வேண்டும். நிஜ டேட்டாபேஸின் நகலை வைத்து ஆயிரம் சமர்ப்பிப்புகளைச் சோதித்தால், ஒப்புதல் தரும் பேராசிரியர்களுக்கு ஆயிரம் மடல் போகும். அந்த நகலில் இருக்கும் பயனர் மின்னஞ்சல்களையும் மாற்றிவிடுங்கள், அவை கிளவுட் சோதனைக் கணக்கில் கிடக்க வேண்டிய தகவல் இல்லை.

5. மாதிரித் தரவு

நூறு பதிவை வைத்துச் சோதித்தால் சோலர் எல்லாவற்றையும் மெமரியிலிருந்தே தந்துவிடும். உங்களிடம் இருக்கும் அளவுக்காவது பதிவுகள் வேண்டும். நிஜக் கோப்புகளின் கலவையும் வேண்டும்: ஸ்கேன் செய்த 80 எம்பி இதழ், 3 எம்பி ஆய்வேடு, வெறும் மெட்டாடேட்டா. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் பிடிஎஃப்களையும் சேருங்கள். அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் உரை குப்பையாக வந்து இன்டெக்ஸை வீங்கவைக்கும், அந்த வீக்கமும் நிஜத்தில் உண்டு.

ஏற்றி, இன்டெக்ஸ் கட்டி முடித்ததும் ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்த நேரத்து நகல்) எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றையும் அதிலிருந்து புதிதாகத் தொடங்கலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவான டிஸ்க், ஒவ்வொரு பிளாக்கையும் முதன்முறை படிக்கும்போதுதான் எஸ்3-லிருந்து இழுத்துவரும். முதல் சுற்று மெதுவாகத்தான் இருக்கும். டிஸ்க் முழுவதையும் ஒரு முறை படித்து முடித்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.

6. ஜேமீட்டர் ஸ்கிரிப்ட்

ஜேமீட்டர் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. முகப்பு முகவரியை மட்டும் தட்டினால் சர்வர் வரைந்து தரும் ஒரு ஹெச்டிஎம்எல் கிடைக்கும், அவ்வளவே. நிஜ உலாவி அதன்பின் பல ரெஸ்ட் அழைப்புகளை அனுப்பும். உலாவியின் டெவலப்பர் பகுதியைத் திறந்து, ஒரு தேடல், ஒரு பதிவுப் பக்கம், ஒரு பதிவிறக்கம் செய்து, போகும் அழைப்புகளை அப்படியே ஸ்கிரிப்டாக்குங்கள். பார்வைப் புள்ளிவிவரத்துக்கு உலாவி அனுப்பும் போஸ்ட் அழைப்பை விட்டுவிடாதீர்கள். சோலருக்கு எழுதும் வேலையைக் கொடுப்பது அதுதான்.

500 கோரிக்கை வரம்பு. பலரை ஏமாற்றும் எண் இதுதான். டிஸ்பேஸ் முகப்பு ஒரு ஐபி முகவரியிலிருந்து நிமிடத்துக்கு 500 கோரிக்கையை மட்டும் ஏற்கும், மீறினால் 429 என்ற பிழை வரும். ஜேமீட்டர் ஒரே மெஷினிலிருந்து ஓடுவதால் நொடிக்கு எட்டுச் சொச்சத்தில் முட்டிக்கொள்வீர்கள். முகப்பைப் பிஎம்2-வில் (ஒரே நிரலைப் பல புராசஸாக ஓட்டும் கருவி) நான்கு புராசஸாக ஓட்டினால் ஒவ்வொரு புராசஸும் தனித்தனியே எண்ணும், அதனால் வரம்பு 2000 போலத் தோன்றும். சோதனைக்காக இதைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய மதிப்பை நினைவில் வையுங்கள்: உங்கள் வளாகம் முழுக்க ஒரே பொது ஐபி வழியாக வெளியே வருகிறது என்றால், கணினி ஆய்வகத்தில் அறுபது மாணவர்கள் சேர்ந்து திறந்தாலே நிஜத்திலும் இந்தச் சுவர் வரும். ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைக் கேட்பதும் அந்த 500-ல் சேரும்.

லாகின். முதலில் ஒரு கெட் அழைப்பு, அதன் பதில் ஹெடரில் வரும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் அடையாளக் குறி) பிடித்து அடுத்த போஸ்டில் திருப்பி அனுப்ப வேண்டும். லாகின் ஆனதும் அந்த டோக்கன் மாறும், மறுபடி பிடியுங்கள். குக்கி மேனேஜர் இல்லாமல் இது நடக்காது. லாகின் டோக்கனின் ஆயுள் 30 நிமிடம். இரண்டு மணி நேரச் சோதனையில் சரியாக அரை மணியில் பிழைகள் கொட்டத் தொடங்கினால் சர்வரைக் குறை சொல்லாதீர்கள், ஸ்கிரிப்டில் புதுப்பிக்கும் படியைச் சேருங்கள்.

தமிழ்த் தேடல். தேடுசொல் பட்டியலைச் சிஎஸ்வியில் வைத்து, கோப்பின் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். ஜேமீட்டரில் அளபுருவுக்கு (பாராமீட்டர்) பக்கத்தில் இருக்கும் என்கோட் பெட்டியையும் டிக் செய்ய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கேள்விக்குறிகளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பதில் 200 என்றே வரும், முடிவு பூஜ்யம், வேகமோ அபாரம். ஆகவே "முடிவு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல்" என்று ஒரு அசெர்ஷன் (பதிலைச் சரிபார்க்கும் விதி) போட்டே ஆக வேண்டும். இன்னொன்று, "தமிழ்" என்ற ஒரு சொல் முகவரியில் 45 எழுத்தாக நீளும். நீளமான தமிழ்த் தொடர்களோடு பல வடிகட்டிகளைச் சேர்த்தால், பேக்எண்டை ஓட்டும் டாம்கேட்டின் 8 கேபி ஹெடர் வரம்பை நெருங்கலாம்.

சின்னச் சின்னவை: பெரிய கோப்பு இறக்கும் இடத்தில் பதிலை எம்டி5-ஆக (கோப்பின் சிறு கைரேகைக் குறியீடு) மட்டும் வைத்துக்கொள்ளும் தேர்வை இயக்குங்கள், ஜேமீட்டரின் இயல்பு ஹீப் (அதற்கு ஒதுக்கிய மெமரி) 1 ஜிபிதான். டிஎன்எஸ் கேஷ் மேனேஜரைச் சேருங்கள், இல்லாவிட்டால் லோட் பேலன்சரின் ஒரே முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். கோரிக்கை வேகத்தைக் கட்டுப்படுத்தும் கான்ஸ்டன்ட் த்ரூபுட் டைமர் கேட்பது நிமிடக் கணக்கு. நொடிக்கு 10 வேண்டுமென்றால் 600 போடுங்கள். பல மெஷின்களில் பரப்பி ஓட்டினால் த்ரெட் (ஒரு கற்பனைப் பயனர்) எண்ணிக்கை பங்கிடப்படாது. 100 என்று கொடுத்தால் மூன்று மெஷினிலும் 100 ஓடும்.

7. ஓட்டும் நாள்

கிராஃபிக் முகப்பு ஸ்கிரிப்ட் எழுத மட்டும். ஓட்டுவது கமாண்ட் வரியில்தான். ஜேமீட்டரைக் கல்லூரியிலிருந்து ஓட்டாதீர்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழுக்கக் கிடைத்தாலும் நொடிக்கு 12.5 எம்பி, 5 எம்பி கோப்பு இரண்டரைதான். அளப்பது உங்கள் இணைப்பையாக இருக்கும்.

முதலில் ஒரே ஒரு பேக்எண்ட் வைத்து ஓட்டி அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் கிளஸ்டர் எண்ணுக்குப் பொருளே இல்லை. பிறகு இரண்டு, பிறகு நான்கு. நான்குக்குப் போவதானால் 32 விசிபியு வேண்டும், கோட்டா கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முதல் பத்து நிமிடம் சூடேற்றம், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடுத்த அரை மணி நேரம் அளவீடு. ஒரு சுற்றில் ஒரு மாற்றம்தான். ஒரே அமைப்பை மூன்று முறையாவது ஓட்டுங்கள். மூன்றும் தூரத்தில் நின்றால் முடிவு எழுதும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்று பொருள். ஏற்பாடு எல்லாம் தயாரான பிறகும் மூன்று வேலை நாள் ஒதுக்குங்கள்.

8. எண்ணைப் படிப்பது

சராசரியைத் தள்ளிவிட்டு 95-வது பெர்சென்டைலைப் (95 சதவீதப் பதில்கள் எத்தனை நொடிக்குள் வந்தன என்ற எண்) பாருங்கள். கூடவே ஆறு மெஷினின் சிபியுவும், ஜேமீட்டருடையதையும் சேர்த்துத்தான். ஜேமீட்டர் மெஷின் 90 சதவீதத்தில் நிற்கிறது என்றால் மற்ற எண்கள் எதையும் நம்பாதீர்கள்.

பிழைகள் சரியாக 5 நொடியில் குவிந்தால் டேட்டாபேஸ் இணைப்புக்குக் காத்திருந்து கைவிட்டவை. டிஸ்பேஸின் இயல்புக் காத்திருப்பு 5000 மில்லிநொடி. 60 நொடியில் குவிந்தால் லோட் பேலன்சர்.

பேக்எண்டை இரண்டாக்கியும் தேடல் வேகம் அப்படியே இருக்கிறதா? வியப்பில்லை. இரண்டும் ஒரே சோலரைத்தான் கேட்கின்றன. முகப்பு மெஷினின் சிபியு உச்சத்தில், பேக்எண்ட் சும்மா இருக்கிறது என்றால் பக்கத்தை சர்வரிலேயே வரையும் வேலைதான் காரணம். லாகின் இல்லாத பயனர்களுக்கான பக்கக் கேஷ் இயல்பாக அணைந்திருக்கும், அதை இயக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பல நூலகங்களுக்கு மூன்றாவது பேக்எண்ட் வாங்குவதைவிட இது அதிகம் தரும் என்பது என் கருத்து.

9. அணைப்பது

மெஷினை நிறுத்துவதும் அழிப்பதும் வேறு வேறு. நிறுத்திய மெஷினின் டிஸ்குக்குக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். லோட் பேலன்சர், ஒதுக்கிவைத்த பொது ஐபி, ஸ்னாப்ஷாட், இஎஃப்எஸ், எஸ்3 பக்கெட் ஒவ்வொன்றையும் தனித்தனியே அழிக்க வேண்டும். பொது ஐபி ஒன்றுக்கு மணிக்கு 0.005 டாலர், சும்மா கிடந்தாலும் மாதம் 3.60.

அழிக்கும் முன் ஸ்கிரிப்ட் கோப்பு, மூல முடிவுக் கோப்புகள், ஒவ்வொரு சுற்றின் கான்ஃபிக் நகல், சிபியு வரைபடங்கள் ஆகியவற்றைக் கீழே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டிஸ்பேஸ் பதிப்புக்கு மாறும்போது இதே சோதனையை மறுபடி கேட்பார்கள். இரண்டு நாள் கழித்து பில்லிங் பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். அதன்பிறகும் தினமும் சில சென்ட் விழுந்துகொண்டே இருந்தால், அநேகமாக யாரோ பெயர் வைக்காமல் எடுத்த ஸ்னாப்ஷாட்தான்.